புதுப்பிப்பு: ஆண்டு இறுதியும் டி.சி. கேள்விகளும்

எங்கள் பெங்களூரு பள்ளியின் தொடக்க வகுப்புப் பெற்றோருக்காக ஆண்டு இறுதி விவரங்களை முன்பு எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டி.சி. (பள்ளி மாற்றுச் சான்றிதழ்) பற்றியவை. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓசூர், சேலம் பக்கம் குடிபோகிறவர்கள் இப்போதே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். கையில் வாங்கியதும் பிள்ளையின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் முன்னால் போடும் இனிஷியல் சில சமயம் பின்னால் ஏறிவிடும். பிறகு ஆதாரோடு பொருந்தாமல் அலைய வேண்டிவரும்.

டி.சி. தாமதமானால் ஊரில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று ஒரு அம்மா கலங்கிப்போய்க் கேட்டிருந்தார். பயப்படாதீங்க அக்கா. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வேறு மாநிலத்துக்குப் போனாலும் தலைமையாசிரியர் உடனே டி.சி. தர வேண்டும். அது வரத் தாமதமாகிறது என்று அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது.

அப்புறம், 5 வயது முடிந்த பிள்ளைகளுக்கு ஆதாரில் கைரேகையும் கண் பதிவும் எடுக்க வேண்டும். 7 வயதுக்குள் எடுத்தால் கட்டணம் கிடையாது. லீவிலேயே முடித்துவிடுங்கள்.

தவறிய பொருட்கள் மேசையில் தமிழில் பேர் வெட்டிய எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்று இருக்கிறது, மூடியோரம் நசுங்கியது. யாருடைய பாட்டி கொடுத்த சீரோ, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது நூலகப் புத்தகங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் மார்க் கார்டு வாங்கும் நாளில் வரிசையில் நிற்க வேண்டாம்.