பட்டாவுக்கு மனுப் போடுவதே தோற்றுப்போவதா?

நொய்யல்தம்பி:

வணக்கம்ங்க. எனக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம். இப்போது கனடாவில் பூர்வகுடிகளைப் பற்றிய ஆய்வுத் துறையில் படிக்கிறேன். சத்தியமங்கலம், ஆனைமலை மலைமக்களைப் பற்றி ரொம்ப நாளாக மனதில் உறுத்தும் ஒன்றை இங்கே வைக்கிறேன்.

இங்கே இந்தத் துறையில் முன்னால் நிற்பவர்கள் பூர்வகுடிகளே. டெனே இனத்தைச் சேர்ந்த க்ளென் கூல்தார்ட் 2014இல் ஒரு நூல் எழுதினார். அரசு ஒரு மக்களை 'அங்கீகரிக்கிறேன்' என்று சொன்னதும் கொடுக்கிற கை அரசுடையதாகவும் ஏந்துகிற கை அந்த மக்களுடையதாகவும் நிலைத்துவிடுகிறது, பிடுங்கியது யார் என்ற கேள்வி காணாமல் போகிறது என்பது அவர் வாதம். அதே ஆண்டு மோஹாக் இனத்தைச் சேர்ந்த ஆட்ரா சிம்ப்சன் கானவாகே என்ற மோஹாக் ஊர் மக்களைப் பற்றி எழுதினார். அவர்களில் சிலர் எல்லை கடக்கும்போது கனடாவின் கடவுச்சீட்டை நீட்டுவதில்லை. தங்கள் கூட்டமைப்பு கொடுத்த கடவுச்சீட்டையே நீட்டுகிறார்கள். 'என்னை அங்கீகரிக்க நீ யார்?' என்ற அந்த மறுப்பையே சிம்ப்சன் ஓர் அரசியலாகப் பார்க்கிறார்.

இதை நம் மலைக்கு வைத்துப் பாருங்கள். 1882 மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது, காடு அரசுக் காடானது. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. வரலாற்று அநீதி நடந்துவிட்டது என்று அதன் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் 13.12.2005க்கு முன்பே நான் இந்த நிலத்தில் இருந்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் யார்? இழந்தவர். பறித்தவனிடமே போய் மனுக் கொடுத்து, அவன் அளந்து கொடுப்பதை, அதுவும் அதிகபட்சம் நான்கு ஹெக்டேரை, வாங்கிக்கொண்டு வர வேண்டும். இப்படி வரிசையில் நிற்பதை மலைமக்கள் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

கடம்பூர்டீச்சர்:

தம்பி, நீங்கள் படித்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடம்பூர் மலையில் 11 வருடம் பாடம் நடத்தியவளாக ஒன்று கேட்கிறேன். வரிசையில் நிற்கவே விடாதவர்களிடம் போய், வரிசையை விட்டு விலகுங்கள் என்று எப்படிச் சொல்வது?

இந்த மலையில் மலையாளி என்று ஒரு சமூகம் உண்டு. கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். பழங்குடிப் பட்டியலில் இவர்கள் பெயர் இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே மாவட்டங்களின் பெயரும் இருக்கிறது. தர்மபுரி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை. கோவை மாவட்டம் அதில் இல்லை, 1979இல் அதிலிருந்து பிரிந்த ஈரோடும் இல்லை. அதனால் சேலத்தில் இருக்கும் மாமன் மகனுக்குப் பழங்குடிச் சான்று கிடைக்கும். கடம்பூரிலும் பர்கூரிலும் இருக்கும் அத்தை மகளுக்குக் கிடைக்காது.

என் வகுப்பில் ஒரு பெண் பன்னிரண்டாவது நன்றாக எழுதினாள். கல்லூரி விண்ணப்பத்தை என் மேசையில் வைத்துத்தான் நிரப்பினோம். பேனாவை எடுத்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பியவள், சாதிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வருடம் அவள் அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டப் போனாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வன உரிமைச் சட்டத்தில் பழங்குடி என்றால் 2005 வரை இருந்ததைக் காட்டினால் போதும். பழங்குடி இல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஆக, சான்று இல்லாதவனுக்குப் பட்டாவும் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 20.6.1992 அன்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் புகுந்து செய்த கொடுமைக்கு 269 பேர் மேல் வழக்கு. 2011இல் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த மக்களும் மலையாளிகள். தர்மபுரி மாவட்டம் என்பதால் பட்டியலில் இருந்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளும் அந்த வழக்கில் நின்றன. அதே கொடுமை இந்தப் பக்கத்து மலையாளிக்கு நடந்தால் அந்தச் சட்டம் பக்கத்தில் வந்து நிற்காது. அங்கீகாரம் வெறும் தாள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

தாளவாடி விவசாயி:

இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். யார் பூர்வகுடி? என் பாட்டன் பூட்டன் எல்லாம் இந்தச் செம்மண்ணில்தான் கிடக்கிறார்கள். கொங்குநாட்டுக் குடியானவன் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தவனா? கனடாவில் வெள்ளைக்காரன் வந்து பறித்தான், அந்தக் கணக்கு அங்கே சரி. இங்கே அதை அப்படியே தூக்கி வைப்பது எனக்குச் சம்மதமில்லை. 2007இல் ஐ.நா. பூர்வகுடிகள் பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டது, ஆனால் இந்தியர் எல்லோருமே பூர்வகுடிகள் என்பதுதான் அரசின் நிலை. அது தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்தது காடு. 2013இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் ஆனது, 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2011இல் 25 என்று இருந்த புலிகள் 80 ஆகி, பன்னாட்டு விருதும் வந்தது. அதற்கு நாங்களும்தான் விலை கொடுக்கிறோம். யானை ஒரு ராத்திரியில் வாழைத் தோட்டத்தை முடித்துவிட்டுப் போகிறது. 2022 பிப்ரவரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை, தக்காளி ஏற்றிய வண்டி பொழுது விடியக் காத்துக் கிடக்கிறது. அதையும் பொறுத்துக்கொள்கிறோம், காடு இருந்தால்தான் மழை என்பதால். ஆளாளுக்குப் பட்டா கொடுத்துக் காட்டைத் துண்டு போட்டால், பின்னால் ரிசார்ட்காரன் வந்து வாங்கிப் போடுவான். நடக்காது என்று யாராவது உறுதி தருவார்களா?

கடம்பூர்டீச்சர்:

சட்டமே தருகிறதுங்க. வன உரிமைப் பட்டாவை விற்க முடியாது, வாரிசுக்கு மட்டுமே போகும். ரிசார்ட் நிற்பதெல்லாம் சாதாரணப் பட்டா நிலத்தில்.

நொய்யல்தம்பி:

விவசாயி அண்ணா, எல்லோரும் பூர்வகுடிகள் என்றால் யாருக்கும் அதற்கான உரிமை இல்லை என்றாகிவிடும். 1958இல் பழங்குடிகள் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 107ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. மற்றவர்களோடு அவர்களைக் கரைத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது அது. அதைத் திருத்தி, அவர்கள் தனி மக்களாகவே வாழும் உரிமையை ஏற்று 1989இல் வந்த 169ஐ இந்தியா இன்று வரை ஏற்கவில்லை. அரசியல் நிர்ணய சபையிலேயே ஜெய்பால் சிங் முண்டா 'ஆதிவாசி' என்ற சொல்லுக்காக வாதாடினார். இது வெளிநாட்டிலிருந்து தூக்கிவந்த பேச்சு இல்லை.

பர்கூர்ப் பட்டி:

நாங்கள் லிங்காயத்து. எந்தப் பட்டியலிலும் பழங்குடி இல்லை, பூர்வகுடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பர்கூர் செம்மறை மாடு எங்கள் பட்டியில்தான் இருக்கிறது. சிவப்புத் தோலில் வெள்ளைத் திட்டு, காட்டில் மேய்ந்து, ராத்திரி காட்டுக்குள் போட்ட பட்டியிலேயே அடையும் மாடு. தொழுவத்தில் கட்டித் தீவனம் போட்டால் அது பர்கூர் மாடு இல்லை. 2022இல் காட்டில் மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது, பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் வரை என்று சுருக்கியது. 2024 ஜனவரியில் எங்கள் மலையையே தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆக்கிவிட்டார்கள். யார் முதலில் வந்தது என்ற சண்டையில் எங்களை எங்கே வைப்பீர்கள்?

தொட்டிமகள்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் ஊராளிப் பழங்குடி. திம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி, அதாவது மலைக் குடியிருப்பு. எங்கள் தொட்டியில் கல்லூரி முடித்த முதல் பெண்.

பர்கூர் அண்ணாவுக்கு முதலில். 75 ஆண்டு என்று டீச்சர் சொன்ன அந்தப் பிரிவு உங்களுக்கும் உண்டு. மேய்ச்சல் உரிமையும் சட்டத்தில் சமூக உரிமைதான். மனுவை விடாதீர்கள்.

நொய்யல்தம்பி, நீங்கள் மறுப்பு பற்றி எழுதியது எனக்குப் பிடித்திருந்தது, இரண்டு முறை படித்தேன். எங்கள் ஆட்கள் மறுக்காதவர்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வீரப்பனைத் தேடிய அதிரடிப்படைக் காலத்தில் 'தெரியாது' என்ற ஒரு சொல்லுக்காக எங்கள் பக்கத்துச் சனம் என்ன பாடு பட்டது என்பது சதாசிவா குழு விசாரணையில் பதிவாகியிருக்கிறது. மனித உரிமை ஆணையம் 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி இழப்பீடு பரிந்துரைத்தது. என் பாட்டி அந்த 89இல் இல்லை. அவள் விசாரணைக்குப் போகவே இல்லை. அதிகாரி முன்னால் இன்னொரு தடவை உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நீங்கள் சொல்லும் மறுப்பு அதுதான் என்றால், அது அவளுக்கு எதையும் மீட்டுத் தரவில்லை.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். 2024 ஜூனில் தேசியப் புலிகள் ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. காப்பகங்களின் மையப் பகுதிகளில் இருக்கும் 591 ஊர்கள், 64,801 குடும்பங்கள், இவர்களை இடம் மாற்றுவதை முன்னுரிமையாகச் செய்யச் சொல்லி. சட்டப்படி கிராம சபையின் சம்மதம் இல்லாமல் யாரையும் நகர்த்த முடியாது, முதலில் வன உரிமையை முடிவு செய்திருக்கவும் வேண்டும். அப்படியென்றால் என்னங்க? 'போக மாட்டோம்' என்று சொல்லவே எங்களுக்கு ஒரு கிராம சபை வேண்டும், அதற்கு ஒரு தீர்மானப் புத்தகம் வேண்டும், அதில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு உரிமை இருப்பதாக ஒரு தாள் வேண்டும். தாளை வேண்டாம் என்று சொன்னால் மறுக்கிற இடமும் போய்விடும்.

விவசாயி அண்ணா காடு துண்டாகும் என்றீர்கள். திம்பத்தைத் தாண்டி வடக்கே, கர்நாடகப் பக்கம் பிளிகிரிரங்கன மலை. அங்கே சோளகர்களுக்கு 2011இல் சமூக வன உரிமை கிடைத்தது, புலிகள் காப்பகத்துக்குள் நாட்டிலேயே முதல் தடவையாக. அதற்கு முன்னால் அவர்களே உட்கார்ந்து தங்கள் சாமி இருக்கும் பாறை, சுனை, இடுகாடு எல்லாவற்றையும் பெயரோடு வரைபடத்தில் குறித்தார்கள். அந்த வேலையில் முன்னால் நின்ற சி. மாதேகவுடா சோளகர், முனைவர் பட்டம் வாங்கியவர். கோடைக்கு முன்னால் சருகுக்கு வைக்கும் சின்னத் தீயை வனத்துறை நிறுத்திய பிறகு உண்ணிச்செடி காட்டை மூடியதை அவரும் மற்றவர்களும் எழுதினார்கள். உரிமை கொடுத்ததால் அந்தக் காடு துண்டாகவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆய்வு பற்றியும் ஒரு வார்த்தை. சின்ன வயதில் ஒருவர் வந்து எங்கள் பாட்டியின் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்துகொண்டு போனார். நெல்லிக்காய் காலம், பாட்டி வேலைக்குப் போகாமல் மூன்று நாள் உட்கார்ந்து பாடினாள். ஒரு பிரதி தருகிறேன் என்றார். பாட்டி இறந்துவிட்டாள், அவள் குரல் எங்கேயோ இருக்கிறது, எங்களிடம் இல்லை. 1909இல் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி போட்டார், ஆட்களின் மூக்கை அளந்து எழுதினார். அளக்கிற கருவிதான் மாறியிருக்கிறது என்று சில நாள் தோன்றும்.

தாளவாடி விவசாயி:

அம்மிணி, பாட்டி விசயம் படித்து மனசு கனத்துப் போச்சு. ஆனால் என் கருத்தில் பாதி அப்படியேதான் இருக்கிறது. பூர்வகுடி என்ற சொல் எங்களை வந்தேறி ஆக்கிவிடும் என்ற பயம் எனக்குப் போகவில்லை. கிராம சபைக்குச் சம்மதம் சொல்லும் அதிகாரம் வேண்டும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அது எங்களுக்கும் வேண்டியதுதான்.

நொய்யல்தம்பி:

அக்கா, மனுப் போடுவதை நிறுத்த வேண்டும் என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கனடாவை அப்படியே பொருத்தியது என் பிழை. அங்கே பல இனங்களோடு ஒப்பந்தங்கள் உண்டு. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி, அதாவது பழங்குடிகளுக்கென்று அரசியலமைப்பு தனிப் பாதுகாப்புத் தரும் பகுதி, என்று ஓர் அடி நிலம்கூட இல்லை, மறுக்கப் பிடிமானமே இங்கே குறைவு.

ஆனால் ஒன்றை விட மாட்டேன். 2014இல் கனடா உச்ச நீதிமன்றம் சில்கோட்டின் மக்களுக்கு 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேல் நில உரிமை இருப்பதாக அறிவித்தது. சத்தியமங்கலம் காப்பகத்தை விடப் பெரிய பரப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக இல்லை, மொத்த மக்களுக்கும் சேர்த்து. இங்கே அரசு தனிப்பட்டாவைக் காட்டும்போது சமூக வன வள உரிமை பின்னால் போய்விடுகிறது. வீட்டுக்கு வீடு தாள் கொடுத்தால் வீட்டுக்கு வீடு அரசிடம் பேச வேண்டியிருக்கும். கூல்தார்ட் எச்சரிப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் கேட்கப்போவது எது?

தொட்டிமகள்:

இரண்டும். தனிப்பட்டாவுக்கு 'ஏ' படிவம் சிலர் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒருவருக்கு வந்த வரைபடத்தில் அவர் ராகி விதைக்கும் நிலமே இல்லை, பக்கத்துப் பாறை இருந்தது. திருத்தக் கேட்டு அலைந்துகொண்டிருக்கிறார். தொட்டி முழுவதற்குமான 'சி' படிவம் இன்னும் எழுதவில்லை, எழுதத்தான் ஆள் தேடுகிறோம். வன உரிமைச் சட்டத்தின் விதி 13 பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை எழுதி வாங்கினால் அதையும் ஆதாரமாக ஏற்கிறது, பழைய இடுகாட்டையும் ஏற்கிறது.

படிப்பு லீவில் ஊருக்கு வந்தால் ஒரு வாரம் மேலே வாங்க. பெரியவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேருக்குக் காது கேட்காது, பொறுமையாக உட்கார வேண்டும். எழுதியதைத் தமிழில் அவர்களுக்கே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும், ஒரு பிரதி தொட்டியில் இருக்க வேண்டும். இடுகாட்டுக் கல் எங்கள் கணக்கில் ஏழு, உண்ணிச்செடி மூடிக் கிடக்கிறது. அரிவாள் நாங்கள் கொண்டு வருகிறோம்.