‘பிரதிநிதி’க்கு ஆங்கிலத்தில் எது: ஏஜென்ட், ப்ராக்ஸி, டெலிகேட், அட்டர்னி?

கேள்வி:
தமிழ் மூலத்தில் மூன்று இடத்திலும் ‘பிரதிநிதி’ என்றே இருக்கிறது. பங்குதாரர் கூட்டத்துக்கு வராதபோது அவருக்குப் பதிலாக வாக்களிப்பவர்; சங்கம் மாநாட்டுக்கு அனுப்பும் உறுப்பினர்; வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டை அவர் சார்பில் விற்றுக் கையெழுத்துப் போடுபவர். எல்லாவற்றுக்கும் ‘ரெப்ரசென்டேட்டிவ்’ போட்டால் தவறா?

பதில்:
தவறில்லை, மொண்ணையாக இருக்கும். மூன்றாவது இடத்தில் வில்லங்கமும் வரலாம். ரெப்ரசென்டேட்டிவ் என்பவர் ஒருவர் சார்பில் வந்து நிற்பவர், பேசுபவர். அவர் போடும் கையெழுத்து அனுப்பியவரைக் கட்டுப்படுத்துமா என்று அந்தச் சொல் சொல்வதில்லை. ஏஜென்ட் என்றால் அது தெளிவு: கொடுத்த அதிகாரத்துக்குள் அவர் செய்யும் ஒப்பந்தம், அவரை நியமித்த ‘பிரின்சிபல்’ செய்ததாகவே கொள்ளப்படும்.

முதல் ஆள் ப்ராக்ஸி. இந்தச் சொல் ஆளையும் குறிக்கும், படிவத்தையும் குறிக்கும். ‘அப்பாயின்ட் எ ப்ராக்ஸி’ என்றால் ஆள், ‘சைன் தி ப்ராக்ஸி’ என்றால் தாள். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் ‘ப்ராக்ஸி ஹோல்டர்’, ‘ப்ராக்ஸி ஃபார்ம்’ என்று பிரித்துவிடுங்கள். ‘வோட் பை ப்ராக்ஸி’ என்னும்போது நடுவில் ‘எ’, ‘தி’ எதுவும் வராது. இன்னொன்று: பங்குதாரரே ஒரு கம்பெனியாக இருந்து, இயக்குநர் குழுத் தீர்மானம் போட்டு ஆள் அனுப்பினால், பல நாட்டுச் சட்டங்களில் அவர் ப்ராக்ஸி அல்ல, ‘கார்ப்பரேட் ரெப்ரசென்டேட்டிவ்’. மூலத்தில் பங்குதாரர் யார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மாநாட்டுக்குப் போகிறவர் டெலிகேட். தமிழிலேயே ‘பேராளர்’ என்று தனிச்சொல் இருக்கிறது, மூலத்தை எழுதியவர்தான் பயன்படுத்தவில்லை. அனுப்பியவர்கள் சொன்னபடி நடக்க வேண்டியவர் என்ற தொனி ‘டெலிகேட்’டில் உண்டு. பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் 1774இல் பிரிஸ்டல் வாக்காளர்களிடம் பேசியபோது எதிர்த்தது இந்தக் கட்டுப்பாட்டைத்தான். நாடாளுமன்ற உறுப்பினர் சொந்த அறிவின்படி முடிவெடுக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இன்னொரு பதில்:
மூன்றாவதற்கு ஏஜென்ட் போதும், ஆனால் சொத்துப் பத்திரத்தில் ‘அட்டர்னி-இன்-ஃபேக்ட்’ இன்னும் துல்லியம். வெறும் ‘அட்டர்னி’ என்று விட்டால் அமெரிக்க வாசகர் வக்கீல் என்றே படிப்பார், வக்கீல் ‘அட்டர்னி-அட்-லா’. ‘பவர் ஆஃப் அட்டர்னி’ பத்திரத்தின் பெயர், ஆளின் பெயர் அல்ல. நம் பேச்சில் புழங்கும் ‘பவர் ஏஜென்ட்’டை அப்படியே கொண்டுபோனால் வெளிநாட்டு வாசகர் விழிப்பார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மேலாளர் விடுப்பில் இருக்கும்போது துணை மேலாளர் கையெழுத்துப் போடுகிறாரே, அவர் டெபுடியா, ஆக்டிங்கா?

பதில்:
டெபுடி நிரந்தரப் பதவி. மேலாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் டெபுடிதான். முறையாகப் பொறுப்பு ஒப்படைத்திருந்தால், அந்த நாட்களுக்கு மட்டும் ‘ஆக்டிங் மேனேஜர்’. ஒப்படைக்காமல் ஒரு கடிதத்தில் மட்டும் கையெழுத்து என்றால் மேலாளர் பெயருக்கு முன் ‘ஃபார்’ போடுங்கள். ‘பி.பி.’ (‘சார்பில்’ என்பதன் லத்தீன் சுருக்கம்) வேண்டாம்: அதைக் கையெழுத்திடுபவர் பெயருக்கு முன் போடுவோரும் உண்டு, மேலாளர் பெயருக்கு முன் போடுவோரும் உண்டு. யாருக்காக யார் போட்ட கையெழுத்து என்று படிப்பவர் குழம்புவார்.