மறு: மறு: பாஸ்பேட்டுக்கு எந்தச் சொல்? எரியமா, மணிச்சத்தா, வேறயா

> தங்கச்சிமடம் பிள்ளைகளுக்கு ஒரு சுவரொட்டி போடுறோம். எலும்பு, மரபணு, கடல்பாசி மூணுலயும் பாஸ்பேட் வருது, மூணுக்கும் ஒரே தமிழ்ச்சொல் வேணும். ஐயா சொன்ன எரியம் போட்டுறலாமா?

அக்கா, எரியம் வேண்டாம். ஐயா கோவிச்சுக்கக் கூடாது, எரியம்ங்கிறது தனிமமா இருக்கிற பாஸ்பரசுக்குச் சரியான பேருதான், 1669ல ஹாம்பர்க்ல ஹென்னிக் பிராண்ட்ங்கிறவர் மூத்திரத்தைக் காய்ச்சிக் காய்ச்சி எடுத்தாரே, இருட்டுல மினுங்குமே, வெள்ளை பாஸ்பரஸ், காத்துப் பட்டா தானாப் பத்திக்கிறது, அதுக்குப் பொருந்தும். ஆனா உசுரு உள்ள எதுலயும் அது அப்படியே தனியாக் கிடக்காது. நம்ம உடம்புல இருக்கிறது ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சுத்தி நாலு ஆக்சிஜன் ஒட்டிக்கிட்ட கூட்டம், அதான் பாஸ்பேட். ஆக்சிஜனோட சேர்ந்து முடிஞ்சுபோச்சு, இனி எரியிறதுக்கு அதுல ஒன்னும் இல்ல.

நம்ம கரையில இன்னொரு வில்லங்கம் வேற. ராத்திரி வள்ளத்துல போகையில தண்ணி மின்னுனா "பாஸ்பரஸ் மின்னுது"ன்னு படிச்சவங்களே சொல்றாங்க. அது நொக்டிலூகா மாதிரி நுண்ணுயிரிங்க லூசிபெரின்ங்கிற பொருளை வச்சு விடுற வெளிச்சம், பாஸ்பரஸ் எரியிறது இல்ல. 2019 செப்டம்பர்ல பாம்பன் பக்கம் கடல் பச்சையாத் திரிஞ்சு மீன் செத்து ஒதுங்குச்சுல்ல, பூங்கோரைன்னு பேப்பர்ல போட்டாங்களே, அதுவும் நொக்டிலூகாதான். இப்ப சுவரொட்டில எரியம்னு போட்டா பிள்ளைக கடல் மின்னுறதையும் பாஸ்பேட்டையும் ஒன்னாக் குழப்பிக்கும்.

> அப்ப மணிச்சத்து இருக்கே, நம்ம சம்சாரிக தலைமுறையாச் சொல்ற சொல்லு?

நல்ல சொல்லுதான், எனக்கும் அதுமேல ஆசை உண்டு. தழைச்சத்து இலைக்கு, மணிச்சத்து கதிர் மணிக்குன்னு வேளாண் ஆபீஸ்ல இருந்து முதுகுளத்தூர் மொளகாக் கொல்லை வரைக்கும் எல்லாருக்கும் புரியுது. ஆனா ஒரு டிஏபி உர மூட்டையை எடுத்துப் பாருங்க. 46 சதவீதம் மணிச்சத்துன்னு போட்டிருப்பான். அந்த 46 பாஸ்பரசும் இல்ல, பாஸ்பேட்டும் இல்ல, பாஸ்பரஸ் பென்டாக்சைடுன்னு ஒரு பழைய கணக்கு, அந்தப் பொருள் மூட்டைக்குள்ள கிடையவே கிடையாது! 50 கிலோ மூட்டையில பென்டாக்சைடு கணக்குப்படி 23 கிலோ, நிஜமா பாஸ்பரஸ் பாத்தா 10 கிலோதான், அதையே பாஸ்பேட்டா எடை போட்டா கிட்டத்தட்ட 31 கிலோ. ஒரே மூட்டைக்கு மூணு எண்ணு. மணிச்சத்துன்னு ஒரே சொல்லை மூணுக்கும் வச்சா பிளஸ் டூ பிள்ளை கணக்குப் போடுறப்ப எதைன்னு எடுக்கும்? அதனால மணிச்சத்து மூட்டையிலயே இருக்கட்டும், வேதியியலுக்கு வேற வேணும்.

சொல் வைக்கிறதுக்கு முன்னாடி அது என்ன வேலை பாக்குதுன்னு பாக்கணும்ல. உயிருங்க ஏன் இதையே பிடிச்சுக்கிட்டுதுன்னு 1987ல வெஸ்ட்ஹைமர்னு ஒரு வேதியியல்காரர் அழகா விளக்கியிருக்கார். பாஸ்பேட்டுக்கு இணையிறதுக்கு மூணு கை இருக்கு. ரெண்டு கையால ரெண்டு பக்கத்துச் சர்க்கரையைப் பிடிச்சு மரபணு இழையைக் கோத்துட்டாலும், மூணாவது கை எதிர்மின்னோட அப்படியே நிக்கும். அந்த எதிர்மின்தான் காவல், தண்ணி வந்து இணைப்பைச் சட்டுன்னு அறுக்க விடாது, மூலக்கூறு செல்லோட சவ்வு வழியா நழுவி வெளிய போகவும் விடாது. ஆனா நொதி வந்தா நொடியில வெட்டிரலாம். இப்படி தண்ணிக்கு அசையாம, நொதிக்கு வழிவிடுற மாதிரி ரெண்டும் சேர்ந்து அமையிற வேற பொருள் கிடைக்கிறது கஷ்டம், பாஸ்பரசுக்குப் பதிலா ஆர்சனிக் உள்ள ஆர்சனேட் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும், ஆனா அது கோத்த இணைப்பு தண்ணியில உடனே பிரிஞ்சுரும், ஆர்சனிக் விஷமா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

செல்லுக்கு ஆற்றல் குடுக்கிற ஏடிபிங்கிற மூலக்கூறுல மூணு பாஸ்பேட் வரிசையா நிக்குது, எதிர்மின்னு எதிர்மின்னு ஒன்னை ஒன்னு தள்ளிக்கிட்டு, கடைசி ஒன்னு தண்ணியோட சேர்ந்து கழண்டா செல் வேலைக்கு ஆற்றல் கிடைக்குது. செல் சவ்வுலயும் இதுதான். எலும்புல கால்சியத்தோட கெட்டியா உக்காந்திருக்கு, உடம்புல உள்ள பாஸ்பரஸ்ல 85 சதவீதம் எலும்புலயும் பல்லுலயும்தான். கடல்ல பாசிக்கு கார்பன் 106, நைட்ரஜன் 16க்கு பாஸ்பரஸ் 1 போதும், அந்த ஒன்னு இல்லைன்னா மத்தது எவ்வளவு இருந்தும் வளராது. கார்பன், நைட்ரஜன் மாதிரி காத்துல இருந்து இதை எடுக்க முடியாது, பாறையில இருந்து கரைஞ்சு வரணும், அதான் நாமளும் மொராக்கோல இருந்து கப்பல்ல வாங்குறோம்.

இப்ப என் பரிந்துரை: மணியேற்று. யாழ்ப்பாணத்துப் பாடப்புத்தகத்துல காபனேற்று, நைத்திரேற்று, பொசுபேற்றுன்னு இருக்கு, அந்த ஏற்றையும் நம்ம மணியையும் சேத்தது.

---

> வாலிநோக்கத்துல இருந்து எழுதுறேன். மணியேற்றுன்னா கோயில்ல மணியைத் தூக்கிக் கட்டச் சொல்ற மாதிரி இருக்கு தம்பி. மணியுப்புன்னு வச்சா என்ன? பாஸ்பேட் உப்புதானே.

அண்ணே, உங்க ஊர்ல மணியுப்புன்னு சொன்னா பாத்தியில விளையிற கல்லுப்பைத்தானே நினைப்பாங்க, உப்பளத்துக்காரர் நீங்களே இப்படிச் சொல்லலாமா :) தவிர டிஏபி உப்பு, சரி, மரபணுவுல கோத்திருக்கிற பாஸ்பேட்டை உப்புன்னு எப்படிச் சொல்றது? மூணு இடத்துக்கும் பொருந்துற சொல்லைத்தானே அக்கா கேட்டாங்க. நேத்து ஒருத்தர் தனி மடல்ல மணிக்கட்டுன்னு அனுப்பியிருந்தார், மணிகள் சேர்ந்த கட்டாம், அதுக்குப் பதில் போடவே இல்ல நான்.

ஏத்தச் சொல்ற மாதிரி இருக்குங்கிறது பத்து நாள் புழங்குனா போயிரும்ணே, அக்கரையில காபனேற்றுன்னு படிச்சவங்க யாரும் எதையும் தூக்கி ஏத்தல. இன்னொரு வசதி, ஆக்சிஜன் ஒன்னு குறைஞ்ச பாஸ்பைட்டுக்கு மணியைற்றுன்னு அதே குடும்பத்துல போயிரலாம். மணியுப்புல அந்த வழி இல்ல.

அக்கா, சுவரொட்டில மணியேற்றுன்னு பெருசாப் போட்டு அடியில பாஸ்பேட்னு சின்னதா ஒருவாட்டி போட்டா போதும், மூட்டைப் படத்துல மட்டும் மணிச்சத்தை விட்டு வைங்க. செல் சவ்வுல இருக்கிற பாஸ்பேட் ஒட்டுன கொழுப்பு, அந்தப் பாஸ்போலிப்பிட்டுக்குத்தான் எனக்கு இன்னும் ஒன்னும் சிக்கல, மணிக்கொழுப்புன்னு எழுதிப் பாத்தேன், கறிக்கடையில நிக்கிற மாதிரி இருக்கு. யாராச்சும் வேற சொல்லுங்க.