பாரிஸ் டு வெனிஸ் ரயிலில்: போயிட்டு வந்தவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. கல்யாண நாளுக்கு செப்டம்பர் கடைசியில் நானும் மனைவியும் ஐரோப்பா போறோம். பாரிஸ்ல இறங்கி, வெனிஸ்ல இருந்து ஊர் திரும்பணும். நடுவுல சுவிட்சர்லாந்தின் லாட்டர்ப்ரூனன். கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுற ஸ்டாப்பாக் அருவி தெரியுற மாதிரி ஒரு அறை வேணும், அது அவளோட பல வருஷத்து ஆசை. அதனால அங்கதான் அதிக நாள்; பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும் சுவிஸ் வழியாவே போடுறோம்.

பாரிஸ்ல இருந்து பேசல், இண்டர்லாக்கன் வழியா ரயில்ல போயிடலாம், அதுல குழப்பமில்லை. அங்கிருந்து மிலான் வழியா வெனிஸ் போறதுதான் யோசனை. ஒரே நாள்ல போனா அவ களைச்சுடுவா. நடுவுல கோமோ ஏரிக்கரையில வரென்னாவுல ஒரு ராத்திரி தங்கலாமா? சாயங்காலம் ஃபெர்ரியில பெல்லாஜியோ போயிட்டு வர நேரம் இருக்குமா?

இன்னொண்ணு. வெனிஸ்ல பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு, பெரிய பெட்டியைத் தூக்கிட்டு ஏறி இறங்கணும். சாண்டா லூசியா ஸ்டேஷன் பக்கம் தங்குறது நல்லதா, இல்ல வாப்பரெட்டோ படகுல சான் மார்க்கோ பக்கம் போயிடலாமா? காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, அவளுக்கு நிம்மதியா இருக்கணும். தம்பதியா போனவங்க தங்கின இடத்தோட சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.