மிஸஸ் பட் காகிதப்பூ: கலப்பினமா? விதை ஏன் பிடிப்பதில்லை?

மொட்டைமாடி:
கருஞ்சிவப்புக் காகிதப்பூவை நர்சரிகளில் 'மிஸஸ் பட்' என்று தருகிறார்கள். இது தனி இனமா, கலப்பினமா? அவ்வளவு பூத்தும் விதையே பிடிப்பதில்லை. குச்சி நட்டால் நன்றாகத் துளிர்த்துவிட்டு மூன்றாவது வாரம் வாடிப்போகிறது. காரணம் என்ன?

முள்வேலி:
கலப்பினம்தான். ஆனால் யாரும் திட்டமிட்டு மகரந்தம் தூவி உண்டாக்கியதல்ல. கொலம்பியாவின் கார்த்தகேனா நகரில் ஒரு தோட்டத்தில் இருந்த செடியைப் பட் என்ற பெண்மணி 1910-ல் டிரினிடாட்டுக்குக் கொண்டுபோனார். உலகம் முழுக்கப் பரவியது அங்கிருந்துதான். 'கிரிம்சன் லேக்' என்று விற்பதும் இதுவே, இரண்டு பெயருக்கும் தனித்தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

தாவரவியலாளர்கள் ஹோல்ட்டமும் ஸ்டாண்ட்லியும் 1944-ல் தனி இனமாகக் கருதி பூகன்வில்லியா பட்டியானா என்று பெயரிட்டார்கள் (பூகன்வில்லியா என்பது காகிதப்பூவின் அறிவியல் பெயர்). கிளாப்ரா, பெருவியானா என்ற இரண்டு காகிதப்பூ இனங்களும் கலந்து வந்தது என்பது பிறகுதான் தெளிவானது. இப்போது பெயருக்கு நடுவே பெருக்கல் குறி போடுவது அதற்காகத்தான்.

பதியன்:
விதை விஷயம்: சாதாரணக் காகிதப்பூவில் குரோமோசோம் 34, அதாவது 17 வீதம் இரண்டு தொகுதி; மிஸஸ் பட்டில் 51, அதாவது மூன்று தொகுதி. மூன்று தொகுதிகள் சரியாக இணைசேர முடியாததால் பெரும்பாலும் மலடு. இன்று உள்ள செடிகள் எல்லாம் ஒரே செடியின் குச்சிகள் என்று சொல்லலாம். அதனால் புது நிறம் விதையில் வரவில்லை, ஏதோ ஒரு கிளை மட்டும் நிறம் மாறிப் பூத்ததில் வந்தது. ஆரஞ்சு நிற 'மிஸஸ் மெக்லீன்' அப்படிப் பிரிந்ததுதான். இந்த வகைகளில் பழைய நிறத்தில் ஒரு கிளை திரும்ப வந்தால் அடியோடு வெட்டிவிடுங்கள். விட்டால் அதுவே செடியை அமுக்கிவிடும்.

இனி குச்சி. துளிர் வந்தால் வேர் வந்ததாக அர்த்தமில்லை. குச்சியில் சேமித்த சத்தில்தான் முதல் இலைகள் வரும், அது தீர்ந்ததும் வாடும்.

பென்சில் கனத்தில் முற்றிய கிளையில் 15–20 செ.மீ. வெட்டுங்கள். கீழ் வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். இலைகளை எல்லாம் கிள்ளிவிடுங்கள். ஐ.பி.ஏ. என்ற வேர் ஊக்கியின் 3000 பி.பி.எம். கரைசலில் அடிப்பகுதியைப் பத்து விநாடி முக்கி, இரண்டு பங்கு மணலும் ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவும் கலந்த பையில், இரண்டு கணு உள்ளே போகும்படி நடுங்கள். நிழலில் வையுங்கள். ஈரம் போதும், தண்ணீர் தேங்கினால் அடி அழுகும். வேர் பிடிக்க 6–8 வாரம் ஆகும்.

மொட்டைமாடி:
3000 பி.பி.எம். எப்படிக் கலப்பது? மாற்றி நடும்போதும் சில செடிகள் சாகின்றனவே?

பதியன்:
300 மி.கி. ஐ.பி.ஏ. பொடியை 50 மி.லி. ஆல்கஹாலில் கரைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து 100 மி.லி. ஆக்குங்கள். நேரே தண்ணீரில் போட்டால் கரையாது.

வேர் மயிரிழை போல, தொட்டால் ஒடியும். பிடிச்சிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதே பாதிச் செடிகளைக் கொல்லும். பை ஓட்டையில் வேர் தெரிந்த பிறகு, பையைப் பிளேடால் கிழித்து மண்கட்டி உடையாமல் இறக்குங்கள்.

முள்வேலி:
பிழைத்த பிறகு இலையாகவே வளர்ந்தால் தழைச்சத்து அதிகம் என்று அர்த்தம், யூரியா பக்கம் போகாதீர்கள். புதுக் கிளையில்தான் பூக்கும் என்பதால் ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் கிளை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரிக்கலாம். 12 அங்குலத் தொட்டிக்கு மேல் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். இலை லேசாகத் தொங்கும்வரை தண்ணீர் நிறுத்தி, பிறகு ஊற்றுங்கள்.