145-உம் 435-உம் ஒரே குழாயில்: மொட்டைமாடி அமெச்சூர் ரேடியோ ஆன்டெனா அனுபவங்கள்

காரைக்குடி உறுப்பினர்:
இரண்டு டைபோலைச் (நடுவில் கேபிள் இணையும் இருபாதிக் கம்பி ஆன்டெனா) செங்குத்தாக நிறுத்தி, படுக்கையான ஒரு பிவிசி குழாயின் இரு ஓரத்திலும் கட்டும்போது எல்லாரும் கம்பி நீளத்தைத்தான் பார்க்கிறோம். 145, 435 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பேண்டும் (அலைவரிசைத் தொகுதி) வேண்டுமென்றால் சிக்கல் இரண்டு டைபோலுக்கும் நடுவே விடும் இடைவெளியில் இருக்கிறது. 145 மெகாஹெர்ட்ஸுக்கு விடும் இடைவெளி அரை அலைநீளம், அதாவது 1.03 மீட்டர். 435-இல் அதே தூரம் ஒன்றரை அலைநீளம் ஆகிவிடும். அப்போது நேர் எதிரே போகும் கதிரோடு, இருபுறமும் 42 டிகிரி தள்ளி அதே பலத்தில் வேறு கதிர்கள் கிளம்பும். நடுவில் 20 டிகிரி வாக்கில் சுத்தமாக ஒன்றும் இருக்காது. எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து சக்தி திரும்பி வருகிறதா என்று காட்டும் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) அழகாக 1.2 காட்டும், நிலையம் மட்டும் கேட்காது. அதனால் 435-க்குத் தனி ஜோடி போடுங்கள்: குழாயின் நடுவில், 45 செ.மீ. இடைவெளியில், தனிக் கேபிளோடு. கூடுதல் கம்பி ஒரு மீட்டர்கூட ஆகாது.

தேவகோட்டை உறுப்பினர்:
காரைக்குடி அண்ணன் சொன்னதோடு கேபிள் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேபிள் டிவிக்காரர் போடும் ஆர்ஜி-6 போதும், 75 ஓம். ஒவ்வொரு டைபோலிலிருந்தும் குழாயின் நடுவுக்கு வரும் துண்டு கால் அலைநீளமோ அதன் ஒற்றைப்படை மடங்கோ இருக்கணும். 145-க்குக் கால் அலை கேபிளில் சுமார் 43 செ.மீ. (வேகக் காரணி, அதாவது வெட்டவெளி வேகத்தில் கேபிளுக்குள் சிக்னல் போகும் பங்கு, 0.83 என்று வைத்தால்). நடுவிலிருந்து ஓரக் கம்பிக்கு 52 செ.மீ. தூரம், 43 எட்டாது. மூன்று மடங்காக 129 செ.மீ. வெட்டுங்கள், ஒற்றைப்படை மடங்கு என்பதால் வேலை மாறாது. 435 ஜோடிக்கு அதே 43 செ.மீ. துண்டு முக்கால் அலையாகப் பொருந்தும். 145 ஜோடியில் பக்கத்துக் கம்பியின் பாதிப்பால் டைபோலின் 73 ஓம் 60-க்கு இறங்கும். கேபிள் அதை 94 ஆக்கும், இரண்டும் இணையாகச் சேர்ந்தால் 47. ரேடியோ எதிர்பார்க்கும் 50 ஓமுக்கு இது பக்கத்தில்தான், தனியாக எந்த மேட்சிங்கும் (ஓம் அளவைப் பொருத்தும் வேலை) வேண்டாம். வேகக் காரணி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கொஞ்சம் நீளமாக வெட்டி, மறுமுனையில் எதையும் இணைக்காமல் விட்டு, நானோ விஎன்ஏவில் (ஆன்டெனா, கேபிளை அளக்கும் சிறு கருவி) 145-இல் ஷார்ட் (பூஜ்ய ஓம்) காட்டும்வரை நறுக்குங்கள். கேபிளின் அலுமினியப் பின்னலில் ஈயம் ஒட்டாது. லக் (கம்பி முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து நசுக்கி, திருகு போட்டு, மழைநீர் இறங்காமல் சீல் வையுங்கள்.

கானாடுகாத்தான் உறுப்பினர்:
கேபிளின் நடுக்கம்பி இரண்டு டைபோலிலும் மேல்பாதிக்கே போகணும். ஒன்று தலைகீழானால் முன்னால் வரவேண்டிய சிக்னல் அப்படியே அடிபட்டுப்போகும். எனக்குத் தெரிந்து அதிகம் நடக்கும் தவறு இதுதான். கேபிளைக் குழாயோடு படுக்கையாகவே நடுவரை கொண்டுவந்து பிறகு இறக்குங்கள். டைபோலை ஒட்டித் தொங்கவிட்டால் அதுவும் ஆன்டெனா ஆகிவிடும். கம்பத்தின் மேல் ஒரு மீட்டர் இரும்பு வேண்டாம், பெயின்ட் அடித்த காய்ந்த மூங்கில் போதும். குழாயை வடக்கு–தெற்காக வைத்தால் மேற்கே மதுரை நன்றாக வரும், ஆனால் திருச்சி வடக்கே குழாயின் முனையில் விழும், அங்கே ஒன்றும் கேட்காது. திருச்சி வேண்டுமென்றால் திருப்பித்தான் ஆகணும். பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில் துளை போடாதீர்கள், பெயர்ந்தால் அதே பூச்சு திரும்ப வராது. கைப்பிடிச் சுவரைச் சுற்றிக் கிளாம்ப் போடுங்கள்.

பள்ளத்தூர் உறுப்பினர்:
ஐப்பசி இடிக்கு முன் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடுங்கள். கம்பத்துக்கு எர்த், தடித்த செம்புக் கம்பியில், வளைவில்லாமல் நேராக இறங்கணும். உரிமம் இல்லாதவர்கள் கேட்க மட்டும் பயன்படுத்துங்கள். 145.800 மெகாஹெர்ட்ஸில் சர்வதேச விண்வெளி நிலையம் ஒலிபரப்பும்போது சோதித்துப் பார்க்கலாம்.