பீச் வாக் வாசனை: உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது?

வளவுவீட்டுப் பேத்தி:
கானாடுகாத்தானில் பெரியப்பாவின் மணிவிழா. மெய்சன் மார்ஜெலாவின் பீச் வாக் சென்ட் எப்படி மணக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாங்கட்டில் பந்தி. கவுனரிசி பரிமாறுகிறார்கள், நெய், மல்லிகை, வேர்வை எல்லாம் கலந்த காற்று. அதற்கு நடுவே தேங்காய்ப்பாலும் முகப்பவுடரும் கலந்த அந்த மணம் என் முதுகுப் பக்கமாக வந்து நின்றது. பக்கத்தில் இருந்த அப்பத்தா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "யாருடி ஆத்தா, பச்சப்பிள்ளைக்குப் பவுடரப் போட்டுத் தொண்டிக் கடல்ல குளிப்பாட்டுனது?" என்றார். திரும்பிப் பார்த்தால் பரிமாறுகிறவர்களும் சித்தி வீட்டுக் கூட்டமும்தான். சிங்கப்பூர் அக்கா, சென்னை அண்ணி எல்லாரிடமும் கேட்டாயிற்று. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தொண்டி ரோடு:
அப்பத்தா பெரிய மனுஷி, ஆனாலும் சொல்கிறேன், இதில் கடல் எங்கே இருக்கிறது? தொண்டியில் போய் நின்று பாருங்கள்: கருவாடு, சேறு, பாசி. கடல் வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம். சென்ட் பாட்டிலில் வருகிற 'கடல்' வேறு. 1966இல் பைசர் நிறுவனத்தில் கண்டுபிடித்த கேலோன் என்ற செயற்கை வாசனைப் பொருள் அது, தர்பூசணி கலந்த உப்புக்காற்று மாதிரி இருக்கும். பீச் வாக்கில் அதுவும் என் மூக்குக்குத் தெரியவில்லை. வெயிலில் காய்ந்த தோல்தான் தெரிகிறது.

என் கதை சின்னது. காரைக்குடி பழம்பொருள் கடையில் ஒரு வெளிநாட்டு அம்மா எனாமல் தூக்கு ஒன்றைக் குனிந்து பார்த்தார். கடைக்கார அண்ணன் மூக்கை உறிஞ்சிவிட்டு, "யாருப்பா சாம்பிராணி போட்டது?" என்று பின்கட்டைப் பார்த்துக் கத்தினார். அவர் சொன்னது சரி. பீச் வாக்கின் அடியில் பென்சாயின் இருக்கிறது, நம் சாம்பிராணியேதான். அந்த அம்மா பயந்து தூக்கை வைத்துவிட்டார்.

பள்ளத்தூர்வாசி:
கடல் இல்லாமல் எப்படி? திமிங்கில அம்பர் போட்டிருப்பார்கள். எங்கள் ஐயா பினாங்கில் பார்த்திருக்கிறார்.

தொண்டி ரோடு:
ஐயா பார்த்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் இன்றைக்குப் பெரும்பாலும் அம்பராக்சன் என்ற செயற்கைச் சரக்குதான். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் நிஜ அம்பரை இந்தியாவில் வைத்திருந்தால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கேஸ்.

ஆத்தங்குடிக்காரி:
தேவகோட்டைக் கல்யாணம் ஒன்றில் என் ஓரகத்தி இதைக் கொண்டைப் பூவின் மேலேயே அடித்துக்கொண்டு வந்தார். தாலி கட்டும்முன் மல்லிகை கருகித் தொங்கியது. அவ்வளவுதான் கதை.

இப்போது பேத்திக்கு. நம் ஊர் வெயிலில் இந்த மாதிரிப் பவுடர் வாசனை இரட்டிப்பாகத் தூக்கும். அந்தப் பவுடர் ஹெலியோட்ரோப் பூவின் பாணி, பாதாமும் வெனிலாவும் சேர்ந்தது போல. மேலே மிதக்கிற பூ இலாங் இலாங், நம் மனோரஞ்சிதத்தின் குடும்பம். அதனால் மல்லிகையோடு ஒரே தலையில் வைத்தால் இரண்டும் சண்டை போடும், தலைவலி நமக்கு. குளித்த ஈரம் காயும்முன் முழங்கை மடிப்பில் ஒரே ஒரு முறை அடித்தால் போதும். கழுத்தில் வேண்டாம், பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாவம். பட்டில் அடிக்காதீர்கள், கறை விழும். கண்டாங்கிச் சேலையிலும் முதலில் உள்மடிப்பில் சோதித்துப் பாருங்கள். பாட்டிலை முற்றத்து வெயில் படும் மாடத்தில் வைக்காதீர்கள், வெளிச்சமும் சூடும் வாசனையைக் கெடுக்கும். தேக்கு பீரோவின் அடித்தட்டு நல்லது, ஆனால் ரசகற்பூர உருண்டையை எடுத்துவிட்டு.

வளவுவீட்டுப் பேத்தி:
அக்கா, நான் பூசியதே இல்லையே! பூசியது யார் என்றுதானே கேட்டேன்.

ஆத்தங்குடிக்காரி:
இனிமேல் பூசினால் உதவும்.

செக்காலை மருமகள்:
தொண்டி ரோடு அண்ணே, உங்கள் சாம்பிராணிப் பதிவை எங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். என் கொழுந்தன் வாங்கிவந்த பாட்டில் மேசையில் இருந்தது. "சாம்பிராணிதானே, புகையும் இல்ல, கரியும் இல்ல" என்று வெள்ளிக்கிழமை சாமி அறை முழுக்க அடித்துவிட்டார். பாட்டிலில் பாதிகூட இல்லை. தயவுசெய்து இனி யாரும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாதீர்கள்.